காற்றைத் திருடியவர்

“அதோ நிக்குது பாருங்க மேடம், அதுதான் திருடன்” என்று சின்னவர் கையை நீட்டிக் காட்டியபோது நான் வண்டியிலிருந்து முழுதாக இறங்கியிருக்கவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் படியில், தோளில் கம்பிச் சுருள். அவர் காட்டிய திசையில், வேலிக்கு அந்தப் பக்கம் உழுது போட்ட நிலத்தின் நடுவே, வெள்ளைக் காற்றாலை ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திருடனுக்கான லட்சணம் எதுவும் அதனிடம் இல்லை. உயரமாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சின்னவரின் காற்றாலைக்கு வயதாகியிருந்தது. கோபுரத்தின் கழுத்திலிருந்து எண்ணெய் வழிந்த கறை. அதன் இறக்கைகள் எதையோ யோசித்து யோசித்துச் சுற்றின. வேகமெடுக்கும், தளரும், ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொள்ளும், மறுபடி வேகமெடுக்கும்.

“எங்க அண்ணனோடது” என்றார் சின்னவர். “வர்ற காத்தையெல்லாம் அது தின்னுட்டு எச்சியை எனக்கு அனுப்புது.”

அப்போது நான் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. காற்றாலையைத் தாண்டிப் போன காற்று என்ன ஆகிறது என்பதை அளப்பதுதான் என் வேலை. “காத்து போனா போச்சு, அதுக்கப்புறம் அளக்க என்ன இருக்கு?” என்று என் சித்தப்பா ஒருமுறை உண்மையான அக்கறையோடு கேட்டார். நிறைய இருக்கிறது. இறக்கைகள் காற்றிடமிருந்து சக்தியைப் பிடுங்கிக்கொள்வதால் பின்னால் போகிற காற்று இளைத்துவிடுகிறது. இளைத்ததோடு நிற்காமல் சுழன்று, முறுக்கிக்கொண்டு, கட்டி கட்டியாகப் போகிறது. கப்பல் போன பிறகு தண்ணீரில் நீளமாக ஒரு தடம் கிடக்குமே, அதுபோல ஒன்று காற்றிலும் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தடத்துக்குள் இன்னொரு காற்றாலை நின்றால் அதற்குக் கிடைப்பது குறைந்த காற்றும் நிறைய ஆட்டமும். திறந்த சமவெளி, நடுவில் ஒரு மரம்கூட இல்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டே இரண்டு காற்றாலைகள்: இப்படி ஒரு ஜோடி எங்காவது கிடைக்காதா என்று எங்கள் கூடத்தில் எல்லோரும் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவரின் வக்கீல் தொலைபேசியில் அழைத்தார். தன் கட்சிக்காரர் அண்ணன்மேல் வழக்குப் போடப் போகிறார், காற்று திருடு போவதை யாராவது அளந்து சொல்ல வேண்டும் என்றார். என் மேலதிகாரிக்கு வழக்கில் அக்கறையில்லை, ஜோடியின் மேல்தான் கண். “போய் அளந்துட்டு வா. குடும்பச் சண்டைக்குள்ள மட்டும் காலை வச்சுடாதே” என்று அனுப்பிவைத்தார்.

அது நடக்காத காரியம் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஏனென்றால் நான் தங்கியதே அந்தக் குடும்பத்தின் நடுவில்தான். பெரியவருக்கும் சின்னவருக்கும் இடையில் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். ஊரே அவளை அக்கா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். கடைக்கு மேலே சாய்ந்த கூரையோடு ஓர் அறை. எழுந்தால் தலை இடிக்கும். கீழே அடுப்பு எரியத் தொடங்கியதும் தரை வழியாகச் சூடு ஏறி, கட்டிலின் இரும்புக் கால்களைத் தொட்டு, போர்வைக்குள் வரும். இன்றைக்கும் எங்காவது ரொட்டி வேகிற வாசனை அடித்தால் என் பாதங்களில்தான் முதலில் அது தெரிகிறது. அந்த அறை ஜன்னலைத் திறந்தால் வீட்டுக் கூரைகளைத் தாண்டி இரண்டு காற்றாலைகளின் இறக்கை நுனிகளும் மாறி மாறித் தலைகாட்டும்.

அக்கா சமாதானத்தைக் கடிகாரத்தால் காத்துவந்தாள். கடை திறந்ததும் பெரியவர் வருவார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போவார். அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு சின்னவர் வருவார். அதே நாற்காலி, அதே வானிலை.

“ஒரே கப்தான் பொண்ணு” என்றாள் அக்கா ஒருநாள், தண்ணீரில் கையை விட்டபடி. “அண்ணன் குடிச்சதைக் கழுவித்தான் தம்பிக்குக் குடுக்கறேன். அவனுக்குத் தெரியாது.”

“தெரிஞ்சா?”

“கப்பு மேலயும் கேஸ் போடுவான்.”

மாவு பிசையும்போதுதான் அவள் கதை சொல்வாள். துண்டு துண்டாக, கைக்கு ஓய்வு கிடைக்கும் இடங்களில் மட்டும். அப்பா நிலத்தைப் பிரித்தபோது தம்பி முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னது பெரியவர்தானாம். சின்னவர் பாதை வசதியான பாதியை எடுத்துக்கொண்டார். காற்று எந்தப் பாதிக்கு முதலில் வருகிறது என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்? பிறகு சின்னவர் எங்கோ கழித்துப்போட்ட காற்றாலையை வாங்கி வந்தார். அதை நிறுத்தியபோது அண்ணன், தம்பி இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே ஸ்பேனரால் போல்ட் முறுக்கினார்கள். பல வருடம் கழித்து, பெரியவரின் பிள்ளைகள் வெளியூர் போய், அவருக்கு முழங்கால் தேய்ந்து, உழ முடியாமல் ஆனபோது, அவரும் ஒன்றை நட்டார். தம்பியுடையதைவிடப் பெரிது, தம்பிக்கு முன்னால், காற்று வரும் வழியில். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஓடத் தொடங்கிய பருவத்திலேயே சின்னவரின் கியர்பாக்ஸ் உடைந்தது. அதோடு பேச்சும் நின்றது.

“சண்டை காத்தைப் பத்தினு நினைக்காதே” என்றாள் அக்கா. “‘இங்க ஒண்ணு நடப் போறேன்டா தம்பி’ன்னு ஒரு வார்த்தை. அது வரலைன்னுதான்.”

என் வேலையை அவளுக்குப் புரியவைத்ததும் அங்கேதான். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது ஒரு பிடி மாவை ஊதிப் பறக்கவிட்டு, அதன் ஊடே ரொட்டித் தட்டை மெல்ல இழுத்தேன். தட்டின் பின்னால் மாவுத் துகள்கள் சுருண்டு சுருண்டு மிதந்தன. “இதுதான் நான் அளக்கறது” என்றேன். காற்றின் வால் என்று உடனே அதற்குப் பேர் வைத்துவிட்டாள். அந்த வால் எப்படிச் சரியாகும் என்று கேட்டாள். மேலே ஓடுகிற காற்று இன்னும் எதையும் இழக்காத காற்று. அது புரண்டு, கலங்கி, கீழே இறங்கி, இளைத்த காற்றோடு கலக்கக் கலக்க, போன பலம் திரும்பிவரும் என்றேன். வெயில் நேரத்தில் காற்று நன்றாகக் கொந்தளிக்கும், வால் சீக்கிரம் கரையும். அந்தி சாய்ந்து காற்று அமைதியாகிவிட்டால் அப்படியே நீளமாகக் கிடக்கும், ஆறவே ஆறாது.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “அமைதியா இருந்தா ஆறாதா?”

“ரொம்பத் தூரம் போகணும்.”

“எங்க வீட்டு ஆளுங்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்களேன்” என்று சொல்லிவிட்டு, மாவை ஓங்கி மேசையில் அறைந்தாள்.

சின்னவரின் நிலத்தில், இரண்டு காற்றாலைகளுக்கும் நடுவே, என் லேசர்க் கருவியை நிறுத்தியிருந்தேன். தபால்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி வானத்தில் போய், காற்றில் மிதக்கும் தூசிமேல் பட்டுத் திரும்பி, அந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும். கம்ப்யூட்டர் திரையில் அந்த வால் நீலமாகத் தெரியும். பருவக் காற்று ஒரே திசையிலிருந்து அடித்ததால், நாள் முழுக்க அந்த நீலம் நேராகச் சின்னவரின் இறக்கைகளுக்குள் போய் விழுந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை. நான் கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

“நீங்கதானா அந்தக் காத்துப் போலீஸ்?”

பெரியவர். நெடிய உருவம், கொஞ்சம் கூன். சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் ஒரு திருப்புளி. கடையில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

“எவ்வளவு திருடியிருக்கேன்?”

“திருட்டுன்னு சொல்ல முடியாது சார். முன்னாடி நிக்கற எந்த மெஷினும் இப்படித்தான்...”

“அதை விடும்மா. அவன் மெஷின் ஏன் அப்படி நொண்டுது?”

கட்டி கட்டியாக வருகிற காற்று ஓர் இறக்கையைத் தள்ளும், அடுத்ததைத் தள்ளாது. அந்த உலுக்கலெல்லாம் உள்ளே கியர்பாக்ஸில் போய் இறங்கும் என்று சொன்னேன். அவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பியின் காற்றாலையைப் பார்த்தபடியே நின்றார்.

“அதை நிறுத்தின அன்னைக்கு மழை. கிரேன்காரன் நாளைக்குப் பாக்கலாம்னு கிளம்பறான். இவன் கேக்கலை. மேல ஏறி உச்சியில நின்னுக்கிட்டு, ‘அண்ணா, நம்ம வீட்டுக் கூரையில ஓட்டை தெரியுது’ன்னு கத்தறான். தெருவே சிரிச்சுது. ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.” அவர் வாய் சிரித்தது, கண்கள் அங்கேயே இருந்தன. “வழி ஒண்ணும் இல்லையா?”

ஒன்று இருந்தது, அன்றைக்குப் பெரும்பாலும் காகிதத்தில். முன்னால் நிற்கிற காற்றாலை தன் முகத்தை நேராகக் காற்றுக்குக் காட்டாமல் சற்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டால், அதன் வால் வளைந்து ஒதுங்கிப் போகும் என்று எங்கள் கணக்குகள் சொல்லின. எங்கள் கூடத்தில் யாரும் நிஜமான இயந்திரத்தில் அதைச் செய்து பார்த்ததில்லை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“எனக்குக் குறையுமா?”

“குறையும் சார்.”

“அவனுக்கு?”

“உங்களுக்குக் குறையறதைவிட அவருக்கு அதிகமா வரும்.”

“சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை, திரையில் அந்த நீலம் இடம் மாறியிருந்தது. முதலில் கருவி சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தால் பெரியவரின் காற்றாலை, காற்றுக்கு நேரே நிற்காமல், யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்டது போலத் தலையைச் சாய்த்துத் திருப்பியிருந்தது. அதன் வால் சின்னவரின் காற்றாலையை ஓரமாக உரசிக்கொண்டு விலகிப் போயிற்று. எச்சில் அல்லாத காற்று எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் கிழ இறக்கைகளைத் தொட, அவை குலுங்காமல், யோசிக்காமல், ஒரே சீராகச் சுற்றின. நான் அந்த இடத்திலேயே கைதட்டினேன். வயலில் வேறு யாரும் இல்லை.

பெரியவர் கோபுரத்தின் அடிக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தானாகத் திரும்புவதை நிறுத்தி, கையாலேயே பொத்தானை அழுத்தித் திருப்பியிருந்தார். காற்று கொஞ்சம் திசை மாறினாலும் மறுபடி வந்து திருப்ப வேண்டும். முழங்கால் வலியோடு ஒவ்வொரு தடவையும் அந்த வயலைக் கடந்து வர வேண்டும்.

“யார்கிட்டயும் சொல்லாதே போலீஸ். என் தங்கச்சிகிட்டகூட.”

“அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவார் சார்.”

“மெஷினை நிறுத்திட்டு உக்காந்துடுவான். நான் போட்ட பிச்சைன்னு நினைப்பான். அவனை உனக்குத் தெரியாது.” சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார். “ஒரு வார்த்தை சொல்லாம நட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமலே திருப்பிக்கறேன். போ, போய் உன் வேலையைப் பாரு.”

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் எடை ஒரு வாரத்தில் தெரிந்தது. சின்னவரின் வீடு இரண்டு நிலங்களையும் தொட்டுப் போகும் பாதையோரம் இருந்தது. அதன் சமையலறை ஜன்னலில் அண்ணனின் காற்றாலை பக்கவாட்டில், பாதி முகம் தெரிய நிற்கும். அந்தப் பாதி முகமும் இப்போது காணாமல் போயிருந்தது.

“பாத்தீங்களா மேடம்?” கடைக்குள் நுழைந்ததும் நாற்காலியில்கூட உட்காராமல் ஆரம்பித்தார். “சென்சார் ரிப்பேர்னு நினைச்சேன். காலையில பாத்தா அவனே வந்து பொத்தானை அழுத்தித் திருப்பறான். தனக்கு நஷ்டம்னாலும் பரவாயில்லை, என்னைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கணும். மெஷினுக்குக்கூடச் சொல்லிக் குடுத்துட்டான்!”

எனக்குத் தொண்டையில் ரொட்டி அடைத்துக்கொண்டது. அக்கா முதுகில் தட்டினாள்.

“உங்க மெஷின் இப்போ நல்லா ஓடுதே சார்?” என்றேன், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “கவனிச்சீங்களா? புது ஆயில் மாத்தினேன். சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, எல்லாம் ஆயில்லதான் இருக்கு.” உடனே மறுபடி வாடியது. நான் வந்த நாளிலிருந்து அவர் கோபமாக இருந்துதான் பார்த்திருக்கிறேன். இது வேறு. கோபம் இருந்த இடத்தில் கோபம் போய், வெறும் இடம் இருந்தது. ரொட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவர் வெளியேறிய பிறகு நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினேன்.

அடுத்த சில நாட்களில் ஊருக்குள் அரசல் புரசலாகப் பேச்சு கிளம்பியது. பிறகு சின்னவரே கடைக்கு வந்து சொன்னார். நிலத்தையும் காற்றாலையையும் வாங்க ஆள் வந்துவிட்டது. மனைவியின் ஊருக்குப் போகிறார். அங்கே மச்சானோடு சேர்ந்து பட்டறை வைக்கப் போகிறார். வழக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என்னைப் பார்த்து, “நீங்க அளந்தது வீணாப் போச்சு மேடம், மன்னிச்சுக்கோங்க” என்றார். அந்த மன்னிப்பு என்னைக் குத்தியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வயலின் நடுவே முழங்காலைத் தேய்த்தபடி நடந்துவரும் ஆள் கண்முன் வந்தார், மூடிக்கொண்டேன்.

அக்காவின் கைகள் மாவுக்குள் நின்றுவிட்டன.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?”

“நீ சொல்லிடு.”

“நான் எதுக்குச் சொல்லணும்?” அவள் குரல் உயரவில்லை. கையை மாவிலிருந்து பிடுங்கினாள், துடைக்கவில்லை. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். “எல்லாரும் வெளியே போங்க, கடை சாத்தியாச்சு” என்றாள். அவள் பட்டப்பகலில் கடையை மூடி அந்தத் தெரு பார்த்ததில்லை. சின்னவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கறுப்புக் கோட்டில் ஐந்து விரலும் வெள்ளையாக விழுந்தன. “போறதுன்னா அவன் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போ. பொண்ணு, நீ வண்டியை எடு.”

வண்டியைப் பெரியவரின் வயலுக்கு ஓட்டினேன். அன்று காற்று மிகக் குறைவு. பாதையோரப் புல் அசைந்தும் அசையாமலும் இருந்தது. பெரியவர் தன் காற்றாலையின் அடியில், படியில் உட்கார்ந்து கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். முதலில் அக்காவையும், பிறகு தம்பியையும், பிறகு என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று லேசாகத் தலையசைத்தேன்.

“சொல்லு” என்றாள் அக்கா.

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலத்தை விற்கிற சேதியைத்தான் சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் சொன்னது அதுவல்ல.

“எதுக்குத் திருப்பி வச்சே?”

“என் மெஷின். என் இஷ்டம்.”

“என்னைப் பாக்கவே பிடிக்கலைன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே! மெஷினை விட்டுச் சொல்லச் சொல்றியா?”

அவ்வளவுதான், அணை உடைந்தது. அவர்கள் கத்தியதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. அதில் வரிசையே இல்லை. கேட்காமல் நட்டது, உடைந்த கியர்பாக்ஸ், அப்பாவின் அடக்கத்தன்று யார் யாருக்கு முன்னால் நடந்தது, ஒரு சைக்கிள், அந்தச் சைக்கிளைச் சுவரில் மோதியது யார், அடி வாங்கியது யார். “உனக்காக நான் வாங்கினேன்டா அந்த அடியை!” “நான் கேட்டேனா உன்னை? நீ எப்பவும் கேக்காமத்தான் செய்வே, நல்லதும் கெட்டதும்!” நரைத்த இரண்டு மனிதர்கள் வெட்டவெளியில் நின்று சைக்கிளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் போய் நிற்பாள் என்று நினைத்தேன். மாவுக் கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மழைக்காகக் காத்திருந்தவள் மழையைப் பார்ப்பதுபோல, அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்போ என்ன, நேரா வைக்கணும், அவ்வளவுதானே? இந்தா!” பெரியவர் கோபுரத்துக்குள் நுழைந்தார். உள்ளே பொத்தான் அழுந்தும் சத்தம். தலைக்கு மேலே எங்கோ இரும்புப் பற்கள் நறநறத்தன. காற்றாலையின் தலை மெல்ல, மிக மெல்ல, திரும்பிக் காற்றுக்கு நேராக வந்து நின்றது. அதன் இறக்கைகள் கொஞ்சம் வேகம் பிடித்தன. பெரியவர் வெளியே வந்து கைகளை விரித்துக் காட்டினார். “நேராப் பாக்குது. போதுமா?”

சின்னவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வயலின் அந்தப் பக்கமிருந்து, வேலிக்கு அப்பாலிருந்து, ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்பதைவிட, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று குறைந்தது என்று சொல்ல வேண்டும். சின்னவரின் காற்றாலை தளர்ந்தது. ஒருமுறை குலுக்கிக்கொண்டது. அன்றைய மெல்லிய காற்றில் பெரியவரின் இறக்கைகள் தின்றது போக அதற்கு மிச்சம் எதுவும் இல்லை. சுற்று குறைந்து, குறைந்து, கடைசியில் ஓர் இறக்கை மேலே ஏற முயன்று, முடியாமல், அப்படியே நின்றது.

சின்னவர் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். நான் திரையில் காட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு விளங்கியிருக்காது. நின்றுபோன தன் காற்றாலையைப் பார்த்தார். நேராக நிற்கும் அண்ணனுடையதைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதை. கோட்டுக் கையிலிருந்த வெள்ளை விரல்களை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

“எத்தனை நாளா?”

பெரியவர் எண்ணெய்க் குப்பியைத் தேடி எடுத்து மூடியைத் திருகினார். சின்னவர் என்னிடம் திரும்பினார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“அப்போ...” அவர் குரல் சிறுபிள்ளைக் குரலாக இருந்தது. “ஆயில் இல்லையா?”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் அண்ணனின் பக்கமாக இரண்டு அடி வைத்தார். “திருப்பி வை.”

“நீதானே நேரா வைக்கச் சொன்னே?”

“மூஞ்சியைத் திருப்பாதேன்னுதான் சொன்னேன்.”

“மூஞ்சி இல்லடா அது. வால்.”

“எதுவோ ஒண்ணு. திருப்பி வை அண்ணா.”

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அக்கா அப்படியே உழவு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை மூடியிருந்த கைகளிலிருந்து மாவு உதிர்ந்தது. கடைக்குத் திரும்பியபோது அடுப்பிலிருந்த ரொட்டியெல்லாம் கரியாகியிருந்தது.

அதன் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. நிலத்தை விற்கும் பேச்சைச் சின்னவர் ஒத்திவைத்தார். கைவிட்டேன் என்று என் காதுபடச் சொல்லவில்லை. சண்டை நிற்கவில்லை, அதற்கு வாய் வந்துவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு திருப்புவது என்பதில் தினமும் தகராறு. இவ்வளவு வேண்டாம், உனக்கு நஷ்டம் என்பார் சின்னவர். பொத்தான் யார் கையில இருக்கு என்பார் பெரியவர். சின்னவர் அண்ணன் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் கொஞ்சம் நேராக்கிவிட்டு வருவார். பெரியவர் திரும்பி வந்து மறுபடி சாய்ப்பார். என் அளவுகளெல்லாம் கன்னாபின்னாவென்று ஆயின. மேலதிகாரி, அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டபோது, காற்றில் கொந்தளிப்பு அதிகம் என்று எழுதி அனுப்பினேன்.

இப்போது நான் ஒரு பெரிய ஊரில், கடலுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்குக் கணக்குப் போடுகிறேன். முன்வரிசை தன் பங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தலையைத் திருப்ப, பின்வரிசைகள் பிழைக்கின்றன. எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. யாரும் வயலைக் கடந்து நடக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்கிற இளவட்டங்கள் அதற்கு நீளமான ஒரு பெயர் சொல்கிறார்கள். நான் மனதுக்குள் வால் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். அக்கா எப்போதாவது போன் செய்வாள். போன குளிர்காலத்தில் பெரியவர் போய்விட்டார் என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் போனை வைக்காமல் இருந்தாள், நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கடையில் யாரோ வந்து போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பருவத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நான் கிளம்பிய காலை. கருவியைப் பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று வயலுக்குப் போனேன். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. காற்றில் அவ்வளவு ஈரம். அண்ணனும் தம்பியும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். வேலியின் ஆளுக்கொரு பக்கம் நின்று, எதற்கோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள். பெரியவரின் காற்றாலையின் பின்னாலிருந்து பனிமூட்டம் கிளம்பியது. இறக்கைகள் கிளறிய குளிர்ந்த காற்றில் ஈரம் வெண்மையாகத் திரண்டு, நீளமாக, ஆற்றைப் போல ஓடத் தொடங்கியது. ஒரு பருவம் முழுக்க நான் எண்களாக மட்டும் பார்த்தது, அவர்கள் இத்தனை வருடம் பார்க்காமலே சண்டை போட்டது, கண்முன்னே கிடந்தது. அது சின்னவரின் கோபுரத்தைத் தொடாமல் வளைந்து, பக்கத்தில் ஒதுங்கி, அப்பால் போயிற்று. மேலேயிருந்து தெளிந்த காற்று அதன்மேல் கவிழ்ந்து கவிழ்ந்து விழ, அதன் விளிம்புகள் சுருண்டு, பிய்ந்து, அங்கங்கே ஓட்டை விழுந்து, அந்த ஓட்டைகளின் வழியே தூரத்து மேடு பச்சையாகத் தெரிந்து மறைந்தது. இருவரும் அது போகும் திசையிலேயே தலையைத் திருப்பிக்கொண்டே போனார்கள், எங்கே முடிகிறது என்று பார்க்க.